உருகக் கூடாத பட்டை

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பொதுமக்களின் மேலான சேவைக்காக ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பத்து நிமிஷம் ஓடும்; பிறகு சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். என் மகளை ஸ்கூலில் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அவள் பிறந்ததற்குச் சாட்சியாக அவளையே தூக்கிக்கொண்டு மூன்று நாள் வரிசையில் நின்றேன். செல்லாது என்றார்கள்.

புதன்கிழமை மெக்கானிக் வந்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கும், அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகட்டுக்கும் நடுவே வைக்க, தபால்தலை அளவில் ஒரு மெல்லிய பட்டை கொண்டுவந்திருந்தார். வருகிற பொருளையெல்லாம் பதிவேட்டில் ஏற்றும் ஸ்டோர் அதிகாரி அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது கெட்டியா, திரவமா?"

"இப்ப கெட்டி சார். பிராசசர் சூடானா இளகி, இடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கும். ஆறினா மறுபடி கெட்டியாயிடும்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தம்பி. கெட்டிப் பொருளுக்குப் பச்சைப் பதிவேடு. திரவத்துக்குச் சிவப்பு."

"ரெண்டுலயும் எழுதிடுங்களேன்."

"அப்புறம் ஒரு பட்டை ரெண்டாயிடும். இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா நீங்களா வந்து நிப்பீங்க?"

நியாயமான கேள்வி என்பதால் வரிசையில் இருந்த நாங்கள் தலையாட்டினோம்.

வியாழக்கிழமை மேலிடத்து ஆணை வந்தது. 'மேற்படி பட்டை, பெறப்பட்டபோது கெட்டியாக இருந்தபடியால் கெட்டிப் பொருளே. அலுவலகப் பொருள் எதுவும் முன் அனுமதியின்றித் தன் நிலையை மாற்றிக்கொள்ள இடமில்லை. ஆகவே பட்டையைப் பொருத்தலாம். ஆனால் அது உருகும் அளவுக்குக் கம்ப்யூட்டர் சூடாகலாகாது.'

மெக்கானிக் பொருத்தினார். ஸ்விட்சில் கை வைத்தார். ஸ்டோர் அதிகாரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"என்ன காரியம் பண்றீங்க! போட்டா சூடாகுமே!"

"போடாம எப்படி சார் சான்றிதழ் எடுப்பீங்க?"

"ஆணையில அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அதன்பின் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் ஒருமுறைகூட அணையவில்லை. மற்ற அலுவலகங்களிலிருந்து அதிகாரிகள் வந்து தொட்டுப் பார்த்து, தங்களுக்கும் அதே பட்டை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற நாங்களும் ஒவ்வொருவராகப் போய்த் தொட்டோம்.

"என்ன இருந்தாலும் வேலை சுத்தம்பா" என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.

நானும் தொட்டேன். உண்மையிலேயே ஜில்லென்று இருந்தது. கருத்துப் புத்தகத்தில் 'மிக நல்ல சேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளை அடுத்த வருஷம் சேர்ப்பதாக ஸ்கூலில் சொல்லப் போனேன்.