விதானையாருக்கு ஞாயிறு வரைதான் ஆயுள்

உடுப்பிட்டி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மச்சான் ஜெயதீபனுக்கு,

அத்தான் பரமலிங்கம் எழுதுவது. நானும் உம்முடைய அக்கா பத்மாசினியும் முருகன் புண்ணியத்தில் சுகம். கொடிகாமத்தில் நீரும் பிள்ளைகளும் தென்னைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். போனில் சொன்னால் நீர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். இன்றைக்கு அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு நீர் கொண்டுவந்து தந்த நாலு கோழிக்குஞ்சுகளை மறந்திருக்க மாட்டீர். ஒவ்வொன்றாகத் தூக்கி, செட்டையை விரித்துப் பார்த்து, "அத்தான், நாலும் பேடு. பிழைச்சா என்ரை பேரை மாத்திக் கூப்பிடுங்கோ" என்று சத்தியம் செய்தீர். ஆவணியில் நாலும் வேலியில் ஏறி நின்று கூவின. உமக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நாலு சேவலுக்கு ஒரு வளவு காணாது. கையால் தீன் போட்டு வளர்த்ததைச் சட்டியில் போடவும் எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஆகவே வீடு தேடினேன். கறிக்கு இல்லை என்று சத்தியம் செய்கிறவருக்கு மட்டும்தான் கொடுப்பது என்பது என் கட்டளை. வல்வெட்டித்துறையில் படகு இஞ்சின் திருத்துகிற லெனாட் அந்தோனியார்மேல் சத்தியம் செய்து ஒன்றை எடுத்தார். கொடிகாமம் பஸ் கொண்டக்ரர் அடைக்கலநாதன் இரண்டை எடுத்தார். ஞாயிறுதோறும் போய், மூன்றும் உயிரோடு நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருகிறேன். "பெட்டையைக் கட்டிக் குடுத்த தேப்பன் மாதிரி அலையிறியளே" என்று அக்கா பேசுவார். பேசிவிட்டு ஒரு பை நெல்லும் தந்து விடுவார்.

நாலாவதுதான் விதானையார். ஊரை ஆளுகிற கிராம அதிகாரி மாதிரி ஒவ்வொரு காலையும் வளவின் நாலு மூலைக்கும் போய்ப் பார்வையிட்டு வருவதால் அந்தப் பெயர். என்ன நடை, என்ன நிறம் மச்சான்! கிணற்றடிக்கு வந்த கீரியைத் தனியே நின்று துரத்தியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன், யன்னலுக்கு உள்ளே நின்றபடி. இரை கண்டால் முதலில் பேடுகளைக் கூப்பிடுவார். எங்கள் வளவில் பேடே இல்லை. ஆனாலும் கூப்பிட்டுப் பார்த்து, ஒருவரும் வராத பிறகுதான் தின்பார். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் எத்தனையோ அதிகாரிகளின் கீழ் வேலை செய்தேன். இப்படி ஒருவரை நான் காணவில்லை.

குறை என்றால் அந்தக் குரல்தான். பக்கத்து வீட்டுக் கமலாவதி ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டி, "அண்ணை, உங்கடை சாவலாலை என்ரை பிள்ளை தனுசியா படிக்கேலாமல் கிடக்கு. வெள்ளிக்கு முதல் ஒரு முடிவு எடுங்கோ" என்றார். தகரப் பரலால் கவிழ்த்து மூடிப் பார்த்தேன், கோயில் மணி போல இன்னும் பெரிதாகக் கேட்டது. ரீச்சர் திரும்பவும் வந்து ஏசினார். எனக்கும் கோபம் வந்து, "கொண்டுபோய்க் கறி வையுங்கோ ரீச்சர், நான் ஏனெண்டு கேக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவரை எங்கள் முருகன் கோயிலுக்கு நேர்ந்து விட்டேன். முருகனின் கொடியிலேயே நிற்கிற சாதி, அங்கே என்ன குறை வரப்போகிறது என்று நினைத்தேன். நேர்ந்துவிட்ட சேவலை வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் ஏலத்தில் விடுவார்கள் என்பது, பிறந்த நாளிலிருந்து அதே கோயிலில் கும்பிடுகிற எனக்கு, இன்று காலை ஏலக்காரர் விதானையாரைக் காலில் பிடித்து உயர்த்திய நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டுக்கடை நடராசா நெஞ்சைத் தடவிப் பார்த்து, "நல்ல சதை" என்றார். நான் கையை உயர்த்திக் கேட்டேன். "அண்ணை, குடுத்தவரே வாங்கிறதோ?" என்று சனம் சிரித்தது. சிரிக்கட்டும். நடராசா விட்டுவிட்டார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விலையைக் கூட்டிக் கேட்டது. பார்த்தால் கமலாவதி ரீச்சர்! நான் கூட்டினேன், அவரும் கூட்டினார். என் கையில் இருந்தது அர்ச்சனைக்குக் கொண்டுபோன காசின் மிச்சம். "இந்த வீட்டிலை நானோ, சாவலோ" என்று மாதக்கணக்காகக் கேட்ட உம்முடைய அக்கா, தன் பேர்ஸைத் திறந்து என் கையில் கொட்டினார். அதுவும் போதவில்லை. ரீச்சர் ஸ்கூட்டியில் பையோடு போகும்போது, பைக்குள்ளிருந்து விதானையார் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ரீச்சருக்கு வெள்ளியும் சனியும் மரக்கறி. ஆகவே ஞாயிறு காலை வரைதான் ஆயுள். நீர் அவரிடம் படித்த பிள்ளை. நீர் கேட்டால் தட்டமாட்டார். சனிக்கிழமையே வந்து, காலில் விழுந்தாவது வாங்கிக் கொடிகாமத்துக்குக் கொண்டுபோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் செவ்வாய்தான் கிடைக்கும், அந்தக் கந்தோரை எனக்குத் தெரியும். நாளைக் காலை பஸ்ஸில் அடைக்கலநாதனிடம் கொடுத்து விடுகிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உம்முடைய தென்னைகள் குலை தாங்காமல் சாயட்டும்.

அன்புள்ள அத்தான்,
பரமலிங்கம்

பின்குறிப்பு, சனி விடிய: உறையை ஒட்டும்போது அந்தக் குரல் கேட்டது. வேலிக்கு ஓடினேன். அந்தப் பக்கம் புதுத் தகரம் போட்ட கூடு, மேலே விதானையார். கீழே ரீச்சர் நெல் போடுகிறார். "மூண்டு நாளா உவன் இல்லாமல் தனுசியா ஏழு மணிக்குத்தான் எழும்பினவள். சோதினைக்கு ஒரு மாசம் கிடக்கு. மணிக்கூடு அடிச்சா அமத்திப்போட்டுப் படுக்கிறாள், உவனை அமத்தேலாதே! அவ்வளவு பேசினாப் பிறகு எந்த முகத்தோடை உங்களிட்டைக் கேக்கிறது அண்ணை?" என்றார். நான் ஒரு பிடி நெல் எறியப்போனேன். "வேண்டாம், இப்ப உவன் எங்கடை சாவல்" என்று தடுத்துவிட்டார்.

ஆகவே நீர் வர வேண்டாம். வருவதானால், நாலு குஞ்சு கொண்டு வாரும். எல்லாம் பேடு என்று நீர் சத்தியம் செய்கிறவையாகப் பார்த்துக் கொண்டு வாரும்.