கிட்னி இல்லாத தொட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு,

தம்பியின் வணக்கம். நீங்களும் அண்ணியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் வாரத்தில் மூன்று நாள் சௌக்கியம். மற்ற நான்கு நாள் அடுத்த சௌக்கியத்துக்குக் காத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மீன் தொட்டி எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுத இடம் இருக்குமோ என்னவோ. போன வருடக் கடைசியில், உங்கள் இரத்தம் எனக்கு ஒத்துப்போகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று பேசினோம். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். நான்கு மாதம் போயிற்று. பிறகு தொட்டி வந்தது. மூன்றடி நீளம். மேலே ஓர் அட்டை: ‘டயாலிசிஸ் நோயாளிகளின் மன அமைதிக்காக.’

அட்டையை டிரைவர்தான் உரக்கப் படித்தார். நான்காம் கட்டில், இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அண்ணன்கிட்ட கிட்னிதானே கேட்டீங்க?”

“ஆமா.”

“காது கொஞ்சம் மந்தமோ?”

காலை ஷிப்டில் நாங்கள் ஆறு பேர். என்னுடையது ஐந்தாம் கட்டில். கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். இரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வரும். அதுவரை கூரையைப் பார்ப்போம். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. அந்த வகையில் தொட்டி ஒரு முன்னேற்றம்தான்.

தொட்டியோடு கடைக்காரரும் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பையில் ஆறு நியான் டெட்ரா. விரல் நுனி அளவு, முதுகில் நீலக்கோடு. வைத்த கையோடு சட்டத்தைச் சொன்னார். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. ஒரு மாதமாவது மீன் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஓட வேண்டும். பொறுக்க முடியாதென்றால் இரண்டு இரண்டாக விடலாம்.

“அப்ப ஆறு எதுக்குக் கொண்டுவந்தீங்க?” என்றார் சிஸ்டர். யூனிட்டின் பொறுப்பு அவருடையது. எங்கள் உயிரும் அதில் அடக்கம்.

“ஆர்டர்ல ஆறுன்னு இருக்கு. இது கூட்டத்து மீன் சிஸ்டர். ஆறுக்குக் குறைஞ்சா பயத்துலயே செத்துரும்.”

“சரி, ஆறையும் விட்டா?”

“புதுத் தண்ணி தாங்காது. அழுக்குல செத்துரும்.”

“எது சீக்கிரம்?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அது மீனைப் பொறுத்தது.”

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “கூட்டமாவே இருக்கட்டும்” என்றார். முடிவெடுக்கும்போது அவர் குரலில் எப்போதும் ஓர் அன்பு இருக்கும். அதுதான் பயம்.

நான்காம் நாள் தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி ஆயிற்று. ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முதல் கட்டில் டீச்சரம்மா, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், ஊசி குத்திய கையை அசைக்காமல் அடுத்த கையால் போனைத் தேய்த்துப் படித்து எங்களுக்கு விளக்கினார். மீன் போடும் கழிவு தண்ணீரிலேயே நிற்கிறது. அதைத் தின்று தீர்க்கும் கிருமி, தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சில் வளர வேண்டும். இன்னும் வளரவில்லை.

“சுருக்கமாச் சொன்னா, தொட்டிக்கு இன்னும் கிட்னி வரல.”

டிரைவர் கேட்டார், “அப்ப அதுங்களுக்கும் திங்கள், புதன், வெள்ளியா?”

அப்படித்தான் ஆயிற்று. டெக்னீஷியன் எங்களுக்கு ஊசி போட்டு முடித்ததும் ஒரு வாளியோடு தொட்டிக்குப் போவார். கால்வாசித் தண்ணீரை எடுப்பார், புதியதை ஊற்றுவார். செவ்வாய், வியாழன் அவை மேலே வந்து வாயைத் திறக்கும். அந்த நாட்களில் நாங்களும் வீட்டில் அப்படித்தான்.

முதல் மீன் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஏற்கெனவே ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொண்டிருந்தோம், சிஸ்டருக்குத் தெரியாமல். ஆனால் ஆறும் அச்சு அசல் ஒரே மாதிரி. செத்தது யாருடையது? ஒவ்வொருவரும் மீதி ஐந்தில் ஒன்றைக் காட்டி “இதோ, என்னோடது இங்க இருக்கு” என்றோம். இரண்டாவது செத்தபோதும் அப்படியே. நான்கு மீனில் ஆறு பேர் உயிரோடு இருந்தோம்.

இதில் சிஸ்டருடைய பங்கு தனி. வாரக்கடைசியில் அந்த ஸ்பாஞ்சை எடுத்து, ஊசித் தட்டு கழுவும் மருந்தில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, வெள்ளையாகத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். இது தெரிந்ததும் டெக்னீஷியன் கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“ஐயோ, கழுவாதீங்க. கிருமி அதுலதான் வளரணும்.”

“என் யூனிட்ல கிருமி வளர்க்கறதா?” என்றார் சிஸ்டர். “இருபது வருஷமா அதைக் கொன்னுட்டுதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்.”

“அப்ப ஒரே வழிதான். நல்லா ஓடிட்டிருக்கற பழைய தொட்டியிலருந்து ஸ்பாஞ்சைப் பாதி வெட்டி இதுல வச்சிருங்க. ரெண்டு மூணு நாள்ல பிடிச்சுக்கும். குடுக்கற தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது. மீதிப் பாதியே அதுக்குப் போதும்.”

டெக்னீஷியன் போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவர் யாருக்குச் சொல்றாரு?” என்றார் டிரைவர்.

டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய மகன் ஆராய்ச்சி முடியட்டும் என்கிறான். ஆறு வருடமாக முடியவில்லை. டிரைவரின் மச்சான் தனக்குப் பிரஷர் இருப்பதாகச் சொன்னவர், சொன்ன நாளிலிருந்து அது உண்மையாகட்டும் என்று உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறாராம். என் விஷயம் உனக்குத் தெரியும்.

டெக்னீஷியன்தான் கேட்டார், “உங்க கடைத் தொட்டியிலருந்து கொஞ்சம் குடுங்களேன்.”

போனில் ஒரு செருமல். “என்னோடதுலருந்தா? அது... இருங்க சார், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.”

அண்ணா, அப்படி ஒரு சிரிப்பை அந்த அறை கேட்டதில்லை. சிரித்ததில் கை ஆடியது. கை ஆடியதில் மெஷின் கத்தியது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மெஷினும் கத்தின. சிஸ்டர் கட்டிலுக்குக் கட்டில் ஓடினார். ஆறாம் கட்டில் பாட்டுக்காரர் கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் கிடந்தார்.

மூன்றாம் கட்டில் மட்டும் சிரிக்கவில்லை. வாட்ச் ரிப்பேர்காரர். அதிகம் பேசமாட்டார். சத்தம் அடங்கியதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“கேட்கவே கூடாது தம்பி. கேட்டா சொந்தம் போயிடும், கிட்னியும் வராது. நான் யாரையும் கேட்கல. எல்லாரும் என்னோட நல்லாப் பேசறாங்க.”

அடுத்த திங்கள் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், நாற்காலியில். சொந்தம் முழுக்க வந்திருந்ததாம். டெக்னீஷியன் போய்வந்து சொன்னார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அழுதார்கள், ஒருவர் குறையவில்லை. புதன்கிழமை மூன்றாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். “எது என் மீன்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு சிஸ்டர் ஸ்பாஞ்சைக் கழுவுவதில்லை.

இப்போது இரண்டு மீன் இருக்கின்றன. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. அவரைத் திட்டாதே, அவருக்கும் வீடு என்று ஒன்று இருக்கும். இரண்டு என்பது கூட்டம் இல்லை போல. நடுவில் நீந்துவதில்லை, மூலையில் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஆனாலும் இருக்கின்றன. வாளித் தண்ணீரில், திங்கள், புதன், வெள்ளி. இப்படியும் இருக்கலாம் என்று தெரிகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். நீ அந்த டெஸ்டுக்கு வர வேண்டாம். இதில் வருத்தமோ குத்தலோ இல்லை. நீ மாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் இனிமேல் கேட்கப் போவதில்லை. மூன்றாம் கட்டில்காரர் சொன்னதுதான் சரி. அண்ணி இனி என் போன் வந்தால் முகம் வாட வேண்டியதில்லை, தைரியமாக எடுக்கலாம். குழந்தையின் பரீட்சையைப் பற்றிப் பேசுவோம். உன் மூட்டுவலியைப் பற்றி, புது வீட்டில் ஒழுகும் குழாயைப் பற்றி. உனக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இந்த நிம்மதி ஒன்றுதான். எடுத்துக்கொள்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைக்குச் சித்தப்பாவின் முத்தங்கள். மேலே ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து நடுவில் எங்கோ ‘நீ’ ஆகிவிட்டது. திருத்தி எழுதத் தெம்பில்லை, பொறுத்துக்கொள்ளவும். எல்லோரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஐந்தாம் கட்டில்

பி.கு.: இங்கே லேப் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. முதல் டெஸ்டுக்குக் கொஞ்சம் இரத்தம்தான் எடுப்பார்களாம், பத்து நிமிட வேலை. வெறும் வயிறு வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம். நேற்றுக் கேட்டேன். சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம் வந்து இன்றும் போய்க் கேட்டேன். சாப்பிட்டுவிட்டே வரலாம், அண்ணா.