மாநிறம் அண்ணாச்சி

திருநெல்வேலி டவுணில் கருப்பாக ஒரு பெண்ணும் பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கவும் முடியாது என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் தெருக் கல்யாணத் தரகர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவர் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும். கீழ ரதவீதியிலிருந்து பேட்டை வரைக்கும் அவர் மாநிறம் அண்ணாச்சி.

கருப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க யாராலும் முடிந்ததில்லை. கருப்புக் குடை அவருக்கு மழைக்குடை. கருப்பட்டிக் காபி வேண்டுமென்றால் பனங்காபி என்று கேட்பார். கருப்பசாமி என்று ஒரு மாப்பிள்ளைக்குப் பெண் பார்த்தபோது பையன் பெயர் சாமி என்று மட்டும் சொல்லி ஜாதகத்தை நீட்டினார். பத்திரிகை அடிக்கும்போதுதான் முழுப்பெயர் வெளியே வந்தது.

அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் மற்ற நிறங்களில் அவருக்கு இருந்த நுணுக்கம் பெயிண்ட் கடைக்காரருக்குக்கூட வராது. சந்தன நிறம், கோதுமை நிறம், புதுநிறம், மாநிறம், மாநிறத்துக்கு ஒரு நூல் கீழே, அதற்கும் கீழே அல்வா நிறம். அல்வாவிலும் சூடான அல்வா வேறு, ஆறின அல்வா வேறு. ஆறின அல்வா என்று சொல்லிவிட்டால் பெண் பார்க்கப் போகிறவர்கள் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போவது நல்லது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

நான் ஆறின அல்வா.

என்னைக் கேட்டு வந்தபோது என் மாமனார் நேரடியாகவே விசாரித்திருக்கிறார். "பொண்ணு கருப்போ?"

"அப்படின்னா என்னங்கேன்?" என்றாராம் அண்ணாச்சி, அந்தச் சொல்லைத் தொடாமலே. "கரண்டு போனா ஆளு தெரியக்கூடாது. போன வாரம் அவுக வீட்டுல கரண்டு போச்சு. நான் அங்கனதான் உக்காந்திருந்தேன். பிள்ள பளிச்சுன்னு தெரிஞ்சா."

அப்போது என் கையில் மெழுகுவத்தி இருந்ததை அவர் சொல்லவில்லை.

ராதாபுரத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அவர் கொடுத்த நிறம் இன்னும் பிரசித்தம். "அது நிறமே இல்ல, வெயிலு. பனங்காட்டு வெயிலுல வளந்த பையன். டவுணுக்கு வந்து நம்ம ஆத்துத் தண்ணியில குளிச்சாப் பைய இறங்கிரும்." மாப்பிள்ளை டவுணுக்கே குடிவந்து தாமிரபரணியில் தினமும் முங்கிக் குளித்தார். ஒரு சுற்றுச் சதை போட்டதுதான் மிச்சம். மாமியார் போய்ச் சண்டை பிடித்தபோது அண்ணாச்சி வானத்தைக் காட்டினார். "வெயிலு எங்க விடுது?"

இப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சோதனை வந்தது. என் மகன் சங்கர் வழியாக.

சங்கர் நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அங்கே நர்ஸாக இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னான்.

"பேரு என்னலே?"

"ரோசானி."

"நம்மூருப் பேராட்டம்லா இருக்கு!"

"டொமினிக்கன் பொண்ணும்மா. கடல்ல ஒரு தீவு நாடு. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அமெரிக்கா வந்துட்டாவ."

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "நிறம்?"

"அவ கருப்பினம்மா" என்றான். படமும் அனுப்பினான். பார்த்தேன். அச்சு அசல் என் நிறம். சொல்லப்போனால் என்னைவிட ஒரு பிடி மேல்.

"இதுல என்னலே கருப்பு? என்னைய மாதிரில்லா இருக்கா?"

"அங்க அது நிறம் இல்ல, இனம். ஊரே அப்படித்தான் சொல்லுது. அவளும் தன்னை அப்படித்தான் சொல்லுதா."

"அவ அம்மா?"

"அம்மா கருப்பு இல்ல."

"அப்ப அம்மா செவப்போ?"

"சேச்சே. ரோசானியவிட ரெண்டு மடங்கு கருப்பு."

போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

எனக்குப் புரியாதது என் மைனிக்குப் புரியுமா? கோமதி மைனி என் கணவரின் அக்கா. மாமனார் போன பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் ஹைகோர்ட்டு. அவள் தலையசைக்காமல் என் கணவர் புதுச் செருப்புக்கூட வாங்கமாட்டார்.

"ஆத்தா கருப்பில்ல, மக கருப்பு! இது என்ன கூத்து ஏட்டி?" என்றாள். "நிறம் தெரியாம நான் ஆரத்தி எடுக்க மாட்டேன்."

அவள் ஆரத்தி எடுக்காவிட்டால் என் கணவர் மணவறைப் பக்கம் வரமாட்டார். அப்பா வராமல் தாலி கட்ட மாட்டேன் என்று மகன் நிற்கிறான். நடுவில் நான். கடைசியில் மைனியே ஒரு தீர்ப்புச் சொன்னாள். பெண்ணும் தாயும் ஊருக்கு வரட்டும், மாநிறம் அண்ணாச்சி பார்த்துச் சொல்லட்டும். "அவரே கருப்புன்னுட்டாருன்னா கதை முடிஞ்சது."

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அவராவது, கருப்பு என்று சொல்வதாவது!

வந்தார்கள். ரோசானி சுடிதாரில் அடக்கமாக வந்தாள். அவள் அம்மா பெயர் அல்தா. பூப்போட்ட கவுனும் வளையல் பருமனுக்குத் தோடுமாக வந்து, யார் எவர் என்று பார்க்காமல் மைனியின் கன்னத்தில் சப்பென்று ஒரு முத்தம் கொடுத்தாள். மைனி முந்தானையால் துடைத்துவிட்டு, சென்ட் வாசனை பிடித்துப்போய் முந்தானையை இரண்டாவது தடவை மோந்து பார்த்தாள்.

அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் வந்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டால் முதலில் சட்டை வரும், பின்னாலேயே அவர் வருவார். உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பெண்ணை ஒரு பார்வை பார்த்தார்.

"மாநிறம். சூடான அல்வான்னும் சொல்லலாம்" என்றார்.

வேலை முடிந்தது என்று நான் பஜ்ஜித் தட்டை எடுக்கத் திரும்பினேன். சங்கர் அவர் சொன்னதை மொழிபெயர்த்துத் தொலைத்தான். ரோசானி எழுந்து நின்றாள். அவனிடம் கற்றுக்கொண்ட தமிழில், ஒவ்வொரு சொல்லாக, கல்வெட்டு மாதிரிச் சொன்னாள்.

"இல்லை அண்ணாச்சி. நான் கருப்பு."

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏம்மா, பைய! சன்னல் தெறந்து கெடக்கு! உனக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காவ."

"நான் கருப்பு" என்றாள் மறுபடியும். "ரொம்ப நல்லது."

அல்தாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. என்ன பேச்சு என்று மகளிடம் ஸ்பானிஷில் கேட்டாள். மகள் சொன்னதுதான் தாமதம், அவளும் துள்ளி எழுந்தாள். "நோ! நோ!" மாரில் அடித்துக்கொண்டாள். "இந்தியா! இந்தியா!"

அண்ணாச்சி முகத்தில் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்த சந்தோஷம். "கேட்டேளா கோமதி ஆச்சி? அவுக வாயாலயே சொல்லிட்டாவ! இந்தியாவாம்லா! இந்தியால எந்தப் பக்கம்னு கேளுலே சங்கரு. முகத்தப் பாத்தா ஏரல் ஊருக்காரவுக மாதிரி தெரியுது."

சங்கர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அவர்கள் ஊரில் பழுப்பு நிறப் பெண்ணுக்குப் பெயரே 'இந்தியா'வாம். யாரோ ஒரு கப்பல்காரர் நம் நாட்டைத் தேடிப் போய், பஸ் மாறி இறங்கினது மாதிரி அந்தத் தீவில் இறங்கி, அங்கே இருந்தவர்களை இந்தியர் என்று சொல்லிவிட்டாராம். அந்த ஜனம் பெரும்பாலும் அழிந்துபோனது. சொல் மட்டும் தோலில் தங்கிவிட்டது.

"இந்தியா கனேலா" என்று தன் கையைத் தட்டிக் காட்டினாள் அல்தா.

"கனேலான்னா?" என்றார் அண்ணாச்சி.

"சமையலுக்குப் போடுத பட்டை, மாமா" என்றான் சங்கர்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். "பட்டை நிறம்! பிரியாணிப் பட்டை! இத்தன வருசமா இது நமக்குத் தோணலியே!"

"திரிகேனியோ" என்றாள் அல்தா, என் கணவரைக் காட்டி.

"அது கோதுமை நிறம்" என்றான் சங்கர்.

"அங்கனயும் கோதுமை நிறம் உண்டா!" என்றார் அண்ணாச்சி. கடல் தாண்டிப் பிரிந்துபோன உடன்பிறப்பைக் கண்டவர் மாதிரி ஆகிவிட்டார். நாற்காலியை அல்தா ஆச்சி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அவள் காபி டம்ளரைக் காட்டினாள், அவர் பால் தூக்கல் என்று விரலால் காட்டினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் இரண்டு பேருமாகப் பங்கு பிரித்து நிறம் கொடுத்தார்கள். நான், கொஞ்சம் வறுத்த பட்டை.

மைனி மட்டும் மசியவில்லை. "அது கெடக்கட்டும். மக ஏன் கருப்புங்கா?"

ரோசானி சொன்னாள். சங்கர் தமிழில் சொன்னான். "எங்க அம்மா ஊர்ல கருப்பு இல்லைன்னு சொல்ல நூறு வார்த்தை இருக்கு. அமெரிக்காவுல தாத்தாவுக்குத் தாத்தா ஒருத்தர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருந்தாப் போதும், ஒரே வார்த்தைதான். ஒரு கடையில காவல்காரன் நான் திருடிருவேன்னு என் பின்னாலேயே நடந்தான். நான் பட்டையா கோதுமையான்னு அவன் கேக்கல. அன்னைக்கு நான் அழுதப்ப என் கையப் பிடிச்சிக்கிட்டவங்க எல்லாரும் தங்களைக் கருப்புன்னு சொல்லுதவங்க. அந்த வார்த்தையில எனக்கு ஆள் இருக்கு."

அல்தா ஆச்சி விடவில்லை. அவள் சின்ன வயதில் கருப்பு என்று சொன்னால் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்த கூட்டம் என்று விரட்டுவார்களாம். அவள் தாய் வெயிலில் விளையாடவே விட்டதில்லையாம். "அந்த நூறு வார்த்தைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுதான் உன்ன வளத்தேன்" என்றாள். தாயும் மகளும் தாய்க்கோழியும் குஞ்சுக்கோழியும் சிலிர்த்த மாதிரி நின்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகப் பட்டது. நிறம் வருமென்று பயத்தமாவு தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்த பெண்களுக்கு இரண்டும் புரியும்.

ரோசானி சட்டென்று அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க என்ன நிறம்?"

ஊரில் ஒருத்தரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"நானா? நான் தரகரும்மா."

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள். அண்ணாச்சி "மா..." என்று ஆரம்பித்துத் தன் கையைப் பார்த்தார். நிறுத்திவிட்டார். ஏதாவது எடுத்துக்கொடுக்கட்டும் என்று அல்தா ஆச்சியைப் பார்த்தார். அவளிடமும் அந்த அளவுக்குச் சரக்கு இல்லை.

"கருப்புதாம்மா" என்றார். "நல்ல கருப்பு. நான் பொண்ணு கேட்டுப் போன எடத்துல எல்லாம் கதவச் சாத்துனாவ. அப்பந்தான் இந்த மாநிறத்தக் கண்டுபிடிச்சேன். முதல்ல எனக்குத்தான் சொல்லிப் பாத்தேன். ஒரு வீட்டுல நம்பிட்டாவ. அந்த வீட்டுப் பிள்ளதான் எம் பொஞ்சாதி."

நான் பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றேன். மைனி மட்டும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அப்ப பொண்ணும் கருப்புதான். மாநிறம்னதே பொய்யின்னு தரகரே சொல்லியாச்சு. நான் வாரேன்."

அண்ணாச்சி அவளிடம் போய் ரகசியம் பேசினார். டவுண்காரர்கள் ரகசியம் ரதவீதி முழுக்கக் கேட்கும்.

"ஆச்சி, நான் முதமுதல்ல முடிச்ச கல்யாணம் உங்க கல்யாணம். மாப்பிள்ள வீட்டுல நான் சொன்னது சந்தன நிறம். உங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் என்னக் கோயில்ல பாத்தா, 'எங்கவே அந்தச் சந்தனம்?'னு கேக்காரு. நான் இன்னும் பதில் சொல்லல. சொல்லட்டுமா?"

மைனி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஏட்டி பாத்துக்கிட்டு நிக்கே? ஆரத்தித் தாம்பாளத்த எடு!"

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. தாயும் மகளும் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும் வரைக்கும் கருப்பு, இந்தியா, கருப்பு, இந்தியா என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். இன்னும் முடியவில்லையாம். அண்ணாச்சியும் அல்தா ஆச்சியும் வாட்ஸப்பில் பேசி அனுப்பிக்கொள்கிறார்கள். அவர் அனுப்புவது நெல்லைத் தமிழ், அவள் அனுப்புவது ஸ்பானிஷ். மொழிபெயர்க்க ஆளே கிடையாது. ஆனாலும் இவர் கேட்டுவிட்டு, "அப்படிச் சொல்லு!" என்று தொடையைத் தட்டுகிறார்.

தொழிலில்தான் அவருக்கு அடி. ஒரு வீட்டில் போய், "பொண்ணு கருப்பு, களையான பிள்ள" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். பெண்ணின் தாயார் குடையோடு இவரையும் வெளியே தள்ளினாள். நேராக என்னிடம் வந்து, "உங்க மருமக என்னக் கெடுத்துட்டா தங்கச்சி" என்று அங்கலாய்த்தார். அடுத்த இடத்திலும் உண்மையைச் சொன்னார், அங்கே வாய்த்தது. அதற்கடுத்த இடத்தில் கெட்டது. இப்போது ஆளைப் பார்த்து, சமயம் பார்த்துச் சொல்கிறார். மற்றபடி டவுணில் பட்டை நிறப் பெண்கள் பெருகிவிட்டார்கள்.

போன மாதம் ரோசானியும் சங்கரும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பெண் பிள்ளை. கூடம் நிறையக் கூட்டம். அண்ணாச்சி மடியில் குழந்தையை வைத்துவிட்டு எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். மைனிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. என்ன நிறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குழந்தை அவர் விரல் ஒன்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"சும்மா இருங்க ஆச்சி" என்றார். "பிள்ள சிரிக்கு."

தரகர் வந்தால் ஒரு காபியோடு அனுப்பிவிடுவதுதான் டவுண் வழக்கம். நான் உள்ளே போய், என் கணவருக்குப் போட்டிருந்த இலைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஓர் இலை போட்டேன்.