நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பட்டன்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

சலவைக் கடைக்காரன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடையும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் அச்சு இயந்திரங்களும் மக்கர் பண்ணாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிட்டுப் புகாருக்கு வருகிறேன். தாங்கள் வெளியிட்ட நாவலை இஸ்திரி மேசையின் ஓரத்தில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகன் ஓடும் லாரியிலிருந்து குதிக்கிற இடம். பிழைத்தானா போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவன் பிழைத்துக்கொண்டான். தலைமையாசிரியரின் வெள்ளைக் கால்சட்டைதான் பிழைக்கவில்லை. சரியாக உட்காருகிற இடத்தில் இஸ்திரிப் பெட்டி தன் முழு உருவத்தையும் முத்திரை குத்திவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் நான் கருக்கிய முதல் துணி என்று எழுதத்தான் ஆசை. நான்காவது.

இப்போது புகார். அந்த நாவலை எழுதியவள் என் மகள். ஒரே மகள், வயது இருபத்தாறு, வேலை வெளியூரில். கதை தங்களுக்குத் தெரியாததல்ல. சின்ன ஊரில் சலவைக் கடை வைத்திருப்பவன், மனைவியை இழந்தவன், பெண் குழந்தையைத் தனியாக வளர்க்கிறான். அந்த ஊருக்குப் புதிதாக வந்த கண் மருத்துவர் ஒருத்தி வாரம் தவறாமல் தன் வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போடுகிறாள். ஒருநாள் கோட்டுப் பையில் மிரட்டல் கடிதம் கிடைக்கிறது. அப்புறம் லாரி, துப்பாக்கி, கொலைகாரன், நடுநடுவே காதல். எங்கள் ஊரில் கண் மருத்துவர் கிடையாது. ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒரே ஒருவர் உண்டு, தனியாக வாழும் மருந்துக்கடை அம்மா. சலவைக் கடையும் ஒன்றே ஒன்றுதான். ஆளைப் பிடிக்க ஊர்க்காரர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து நான் படும் பாடு இருக்கிறதே. எதிர்க்கடை சலூன்காரர் பாதி மழித்த முகத்தை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு நுரையோடு ஓடிவந்து, “அண்ணே, கொலைகாரன் கையில கத்தி இருக்குன்னு எழுதியிருக்காமே, நம்ம பொண்ணு என்னையா சொல்லுது?” என்கிறார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பினால் தபால்காரர் வந்து, “அந்த லாரி எந்த ரோட்டுல போச்சு?” என்று கேட்டுவிட்டு என் முட்டியைப் பார்க்கிறார். முக்காலியில் ஏறச் சுவரைப் பிடிப்பவன் நான், லாரியிலிருந்து எங்கே குதிப்பது? இது போதாதென்று ஆளாளுக்குச் சட்டைப் பையில் சீட்டு எழுதி வைத்து அனுப்புகிறார்கள். வங்கிக் காசாளர் சட்டையில், “என் வீட்டுக்காரியிடமிருந்து என்னைக் காப்பாற்றவும்” என்று இருந்தது. நான் அதை எடுக்க மறந்து, சட்டை வெளுத்து, எழுத்து அழியாமல் அவர் வீட்டுக்காரி கைக்கே போய்ச் சேர்ந்தது. நல்ல மை போலிருக்கிறது. மனுஷன் இப்போது கசங்கின சட்டையோடுதான் வேலைக்குப் போகிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பதினாறு வருடமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் கோட்டோடு வந்த மருந்துக்கடை அம்மா, நாவல் வந்த பிறகு இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. என் முட்டிவலி மாத்திரை தீர்ந்து போய்விட்டது. அங்கே போய்க் கேட்க முகமில்லாமல் நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

மகளைத் திட்டலாம் என்று பார்த்தால் மனசு வரமாட்டேன் என்கிறது. அவள் அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயது. மேசைக்குக் கீழே பழைய போர்வைகளை அடுக்கி இடம் செய்துகொடுத்தேன். மேலே நான் தேய்ப்பேன், கீழே கதகதப்பில் அவள் தூங்குவாள். தலை பின்னத் தெரியாமல், வெளுக்க வந்த திரைச்சீலைக் குஞ்சங்களில் பின்னிப் பழகினேன். ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை முழுக்க இரட்டைச் சடையோடு திரும்பிப் போனது, அவர்கள் புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் சடை எப்போதும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். ஆனால் ரிப்பனை இஸ்திரி போட்டுக் கட்டி அனுப்புவேன். அதில் கை வைத்தால் விரலை அறுத்துவிடும், அவ்வளவு மடிப்பு. கொஞ்சம் பெரியவளானதும் அதே மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அங்கிருந்து பார்த்தால் வருபவர்களின் காலும் தெருவும் மட்டும்தான் தெரியும். தெரு தெரிந்ததுதான் வினையாய்ப் போச்சு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் அந்தக் கண் மருத்துவர், கடைக்குள் வருவதற்கு முன் தெருவில் நின்று தன் கோட்டுப் பட்டனின் நூலைப் பல்லால் கடித்துத் தளர்த்துகிறாள். கடைக்காரன் அதைத் தைத்து முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா, அதற்காக. அதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடினேன். இன்றுவரை திறக்கவில்லை. மீதிக் கதை சலூன்காரர் சொன்னதுதான்.

மருந்துக்கடை அம்மா கோட்டிலும் வாராவாரம் ஒரு பட்டன் தொங்கும் ஐயா. நான் என்ன செய்தேன் தெரியுமா? “உங்க டைலரை மாத்துங்கம்மா, மட்டமான நூல் போடுறான்” என்று பதினாறு வருடமாக உபதேசம் செய்தேன். ஒருமுறை பொறுக்காமல் ஐந்து பட்டனையும் மீன்பிடி நரம்பால் தைத்து, “இனி யானை இழுத்தாலும் வராது” என்று மார்தட்டிக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்றி” என்றார். அடுத்த வாரம் பட்டன் அப்படியே இருந்தது, பைதான் பிரிந்து வந்தது. துணியும் மட்டம் என்று சொல்லி அனுப்பினேன்.

மகளைத் தொலைபேசியில் பிடித்தேன். “ஏம்மா, இல்லாததை எல்லாம் எழுதி ஊரைச் சிரிக்க வச்சிட்டியே?”

“லாரி கற்பனைப்பா. துப்பாக்கி கற்பனை. பட்டன் மட்டும் நான் பார்த்தது.”

“பார்த்தவ அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?”

“இப்ப சொல்லியிருக்கேனே, முந்நூறு பக்கத்துல.”

“அவங்க ஏதோ மரியாதைக்கு உட்காருவாங்க, நீ பாட்டுக்கு...”

“சரிப்பா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த ஊர்ல சின்னது பெருசு எல்லாரும் உங்களை அண்ணேன்னுதான் கூப்பிடறாங்க. அவங்க ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்காங்களா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. “இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வருவார், “வரட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போவார். படித்தவர், அதனால் அண்ணே என்று வாயில் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவன் என்பது சும்மா இல்லை ஐயா.

இனி புரிந்து என்ன? ஒரு பெண்மணி பல்லுக்குள் வைத்திருந்ததை ஊர் முழுக்க வாசித்துவிட்டது. அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பாவம் என்னோடு போகாது, உங்கள் அச்சகத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே அடுத்த பதிப்பில் கதாநாயகனை ஆணிக்கடைக்காரன் ஆக்கிவிடுங்கள். கண் மருத்துவர் கோட்டில் பட்டன் வேண்டாம், ஜிப் வைத்துவிடுங்கள். ‘யாவும் கற்பனை’ என்று உள்ளே எறும்பு ஊர்ந்தது போலப் போட்டிருக்கிறீர்களே, அதை அட்டையில், நாவலின் பெயரைவிடப் பெரிதாகப் போடுங்கள்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். தங்கள் சட்டைக் காலர் என்றும் மடங்காமல் நிற்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
லாரியிலிருந்து குதிக்காத கதாநாயகன்

பின்குறிப்பு: மேலே கேட்டது ஒன்றையும் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதம் வருகிறது, அவ்வளவுதான். உறையை மூடப்போகிற சமயம் வாசலில் “இருக்கீங்களா?” என்று குரல் கேட்டது. இன்று புதன்கிழமை. மருந்துக்கடை அம்மா கோட்டை மேசைமேல் வைத்தார். என் கை தானாகப் பட்டனைத் தேடியது. ஐந்தும் கெட்டியாக இருந்தன, பையும் பிரியவில்லை.

“ரெண்டு வாரமா ஆளைக் காணோமே, உடம்புக்கு ஏதாவதா?” என்றேன்.

“உடம்புக்கென்ன? படிச்சிட்டிருந்தேன். நான் மெதுவாத்தான் படிப்பேன். நீங்க முடிச்சாச்சா?”

“நான் நூத்திப் பன்னிரண்டுலயே நின்னுட்டேங்க.”

அவருக்கு முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டார். “அங்கேயே நின்னா எப்படி? மேல படிங்க. உங்க பொண்ணு நல்லாத்தான் முடிச்சிருக்கா.” வாசல்வரை போய்த் திரும்பி, “சனிக்கிழமை கடை உண்டா?” என்றார். இத்தனை வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் கடையை மூடியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“உண்டுங்க. கோட்டு ரெடியாயிடும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ‘வெளுக்கத் துணி எதுவும் இல்லாவிட்டாலும் வாங்க’ என்பது மட்டும் வாயைவிட்டு வரவில்லை.