தொடர்ச்சி ஏழாம் பக்கம்

பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு, வயதில் பெரியவள் ஒருத்தி எழுதுவது. நீங்களும் குடும்பமும் நலமா? இதைப் படித்த பிறகும் நலமாகவே இருங்கள்.

ஞாயிறுதோறும் நீங்கள் போடும் ‘சொல் பிறந்த கதை’யை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவேன். படித்ததை மறக்க மாட்டேன். கல்யாணமான புதிதில் என் நாத்தனார் என்னைப் பட்டிக்காடு என்றாளே, அப்போது அவள் கையில் எந்த டம்ளர் இருந்தது என்பதுவரை நினைவிருக்கிறது. போன வாரம் ‘சொஃபிஸ்டிகேஷன்’ என்ற இங்கிலீஷ் சொல் வந்தது. அறிவு என்ற சொல்லில் பிறந்து, கூலி வாங்கிக்கொண்டு வாய்ச் சாமர்த்தியத்தால் ஜெயிக்கிறவர்களிடம் வளர்ந்து, பிறகு மதுவிலும் மருந்திலும் கலப்படம் பண்ணுவதற்குப் பேரானதாம். அதோடு ‘தொடர்ச்சி ஏழாம் பக்கம்’. அந்தப் பக்கம் எங்கள் அலமாரியில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கிடந்தது.

அந்த அரைக்கதையோடுதான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, அவள் விரும்புகிற பையன் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனேன். பாலில் கலப்படம் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, மனசும் ஒத்துப்போய்விட்டது. பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. நான் டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடித்தேன். பையனின் அம்மா பார்த்துவிட்டு, “எங்க வீட்ல எல்லாரும் கொஞ்சம் சொஃபிஸ்டிகேட்டட்” என்றாள். எனக்கு அந்த டம்ளர் கண்முன் வந்து நின்றது. “அப்படியாம்மா, எதைக் கலந்தீங்க?” என்று கேட்டு, நீங்கள் எழுதியதை வரி பிசகாமல் ஒப்பித்தேன். பேத்தி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி ஏழாம் பக்கத்தைப் படித்தாள். அந்தச் சொல் பிற்பாடு நயம், பக்குவம் என்று உயர்ந்துவிட்டதாமே. “வார்த்தையே திருந்திடுச்சு, நீ எப்போ பாட்டி?” என்றாள், அழுதுகொண்டே. அவள் கண்ணீருக்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்தப் பகுதியை உடனே நிறுத்துங்கள்.

ஆனாலும் கெட்டுப்போன ஒரு சொல் தேறி வரும்போது, ஒரு சம்பந்தம் தேறாதா? நாளைக்கே போய், நாக்கு வெந்தாலும் சரி, சாஸரைத் தொடாமல் குடித்துவிட்டு வருகிறேன்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நீடூழி வாழட்டும். அவர்கள் கதையாவது ஒரே பக்கத்தில் முடியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் போய்வந்துவிட்டேன். அந்த அம்மாள் தனக்கும் எனக்கும் டீயைச் சாஸரிலேயே ஊற்றிக் கொண்டுவந்தாள். “ஆறிடுச்சு, குடிங்க சம்பந்தி” என்றாள். அவளும் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறாளாம். ‘நாகரிகம்’ என்ற சொல் எங்கே பிறந்தது என்று என்னைக் கேட்டிருக்கிறாள். ஆகவே பகுதியை நிறுத்த வேண்டாம். அச்சில் போடுமுன் எனக்கு மட்டும் சொல்லிவிடவும். முழுசாக.