கியூ.சி. பாதியில் மூடிய நாவல்

திருச்சியில் புத்தகம் வெளியிட்டு, கியூ.சி.யின் கையில் சிக்கி, முழு மனிதராக வீடு திரும்பிய எழுத்தாளர் ஒருவர்கூடக் கிடையாது. நான் உட்பட.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஃபேக்டரியில் குவாலிட்டி கன்ட்ரோலில் வேலை. அதைச் சுருக்கி கியூ.சி. ஆக்கிவிட்டோம். வாரம் முழுக்க இரும்புக் குழாய்களைத் தட்டிப் பார்த்து, தேறாதவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் ஏறி எங்களைத் தட்டிப் பார்க்க வந்துவிடுவார்.

புத்தக வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். புத்தகத்தைப் படிக்காதவர்கள் மேடையில் உட்கார்ந்து, படிக்கப் போகாதவர்களிடம் அதைப் புகழ்வார்கள். நடுநடுவே பொன்னாடை. எழுதியவருக்குக் கடைசியில் ஏற்புரை. அதற்குள் பாதிக் கூட்டம் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். யார் மனமும் நோகாத இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு மனிதர் புத்தகத்தைக் கடையில் வாங்கி, நிஜமாகவே படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அக்கிரமம் இல்லையா?

முதன்முதலில் அந்த அக்கிரமத்தை நான் கண்ணால் பார்த்தது மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஹாலில். மூத்த நாவலாசிரியர் ஒருவர் பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து முகத்தை வெளியே நீட்டி ஏற்புரையைத் தொடங்கினார். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர் எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். கதாநாயகியோட அண்ணன், தங்கச்சி கல்யாணத்தை நிறுத்தறேன்னு முசிறியில பஸ் ஏறுறாரு. திருச்சிக்கு டிக்கெட்டும் வாங்கிடறாரு. அப்புறம் அவரைக் காணோமே?"

"காணோமா?" என்றார் நாவலாசிரியர்.

"கல்யாணம் முடிஞ்சுபோச்சு, குழந்தையும் பொறந்துடுச்சு, அதுக்குக் காது குத்தியாச்சு. மாமன் இன்னும் பஸ்லயேதான் இருக்காருங்க."

நாவலாசிரியர் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். மைக்கில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரை இப்படியா கேட்பது? ஆனால் அடுத்து நடந்ததுதான் பெரிய அதிர்ச்சி. பெரியவர் பொன்னாடைகளை நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். கியூ.சி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நிஜமாவே மறந்துட்டேங்க. நீங்களே சொல்லுங்க, எங்க இறக்கி விடலாம்?" என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டா, அதற்கு முன்பேயா என்று கூட்டமே சண்டை போட்டது. செருப்பு மாட்டியவர்கள்கூடக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த பலி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கவிஞர். அவர் கையெழுத்துப் போடும்போது தலையைத் தூக்கமாட்டார். வலது கை 'அன்புடன்' என்று எழுதும், இடது கை வாட்ஸப்பில் இருக்கும். கியூ.சி. ஒரு முறை கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார். இந்த முறை அவர் நீட்டியது, கவிஞருக்குப் பேச்சுவார்த்தையே இல்லாத இன்னொரு கவிஞரின் தொகுப்பு. அதிலும் 'அன்புடன்' விழுந்தது.

"ஐயா, யாரு புத்தகத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு பாருங்க," என்றார் கியூ.சி. கவிஞர் பார்த்தார். நாற்காலியோடு சாய்ந்துவிடுவாரோ என்று நான் பயந்து ஓடினேன். கியூ.சி. மட்டும் பதறாமல், "ஒரு தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தீங்கன்னா இந்த ஆக்ஸிடென்ட் நடந்திருக்காதுங்க," என்றார். இப்போது அந்தக் கவிஞர் ஒவ்வொருவரிடமும் ஊர், பேர், பிள்ளைகளின் படிப்பு வரை விசாரிக்கிறார். வரிசை நகர்வதே இல்லை, ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு போவதும் இல்லை.

இப்படிப்பட்டவர் நடமாடும் ஊரில் இருந்துகொண்டு நானும் ஒரு நாவல் எழுதினேன். இதயம் பலவீனமான ஒரு பெண், அவளுடைய ஆபரேஷன், கடைசியில் அவள் மரணம். அந்த முடிவு சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை. பல முறை அடித்து எழுதியிருந்தேன். விமர்சகர்கள் என்ன சொன்னாலும் சமாளித்துக்கொள்ளலாம். கியூ.சி. சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொடப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

விழாவில் முதலில் பேசியவர் என் மாமனாரின் நற்குணங்களைச் சொன்னார். இரண்டாமவர் காவிரியைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் வெளிவரப்போகும் தன்னுடைய புத்தகத்தைப் பற்றிப் பேசினார். நான் மைக் முன்னால் வந்து நின்றதும் கியூ.சி. எழுந்தார்.

"மேடம், கொஞ்சம் கீழ வாங்க."

இறங்கிப் போனேன்.

"உங்க நாவலைப் பாதியில மூடிட்டேங்க."

ஹாலில் யாரோ "ஐயோ" என்று அலறினார்கள். அது நான்தான் என்று பிறகு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"எங்க சார் தப்பு?"

"தப்பெல்லாம் இல்லீங்க. அந்தம்மாவை ஸ்ட்ரெச்சர்ல வச்சு ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறாங்களே, அங்க நிறுத்திட்டேன்." அவர் தரையைப் பார்த்தார். "வீட்ல அவளுக்கும் இதே ட்ரபிள்தாங்க. மாடிப்படி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் எல்லாத்தையும் சத்தமா படிச்சுக் காட்டுவேன். கேள்வியெல்லாம் அவ கொடுத்தனுப்பறது. முசிறி பஸ்ஸைப் புடிச்சதே அவதான். இப்ப, அடுத்து என்னாச்சுன்னு கேட்டுட்டு வாங்கங்கறா. நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலம் எங்களையெல்லாம் கிடுகிடுக்க வைத்தவர், நாங்கள் யாருமே பார்த்திராத ஒரு பெண்மணியா! "நானே நேர்ல வந்து சொல்றேன் சார்," என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

அடுத்த ஞாயிறு கைலாசபுரத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். ஆபரேஷன் வெற்றி, அந்தப் பெண் பிழைத்துக் குடும்பத்தோடு முக்கொம்புக்குப் பிக்னிக் போகிறாள். குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. பெரிய மூக்குக் கண்ணாடியோடு ஒல்லியான அம்மா ஒருவர், "வாங்க, உட்காருங்க," என்று வரவேற்றார். உடனே கணவரிடம், "ஏங்க, காப்பிக்குப் பால் இல்ல. போய் வாங்கிட்டு வாங்க," என்றார். கியூ.சி. படி இறங்கினார்.

நான் வாயைத் திறந்தேன். "அந்தம்மா பொழைச்சுடறாங்க..."

"கதை விடாதீங்க மேடம். அவரு ஷிஃப்டுக்குப் போனப்ப நானே கடைசி வரைக்கும் படிச்சுட்டேன். செத்துடறாங்க."

முக்கொம்பு பிக்னிக்கை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அப்படித்தான் முடியணும். ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இரும்பைத் தட்டறதோட சரி, இதையெல்லாம் தாங்கமாட்டாரு."

"அப்ப ஏன் என்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னீங்க?"

"அவர்கிட்டயே ஒரு பொய் சொல்லி அனுப்பறீங்களா, மாடியேறி நேர்ல வரீங்களான்னு பார்க்கத்தான்," என்று சிரித்தார்.

கியூ.சி. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா முந்திக்கொண்டார். "மேடம் சொல்லமாட்டேங்கறாங்க. படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமாம்." கியூ.சி.யின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே ஏற்கெனவே இருந்த இரண்டு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா நன்றாகவே இருக்கிறார். கேள்விகளின் காரம் கூடியிருக்கிறது. கியூ.சி. ஞாயிறு தவறாமல் அவற்றைச் சுமந்துகொண்டு வந்து எங்களைக் கதிகலங்க வைக்கிறார். என்னைக் கண்டால் மட்டும் ஹோம்வொர்க் செய்யாத பையன் மாதிரி நெளிவார். "இன்னும் அந்தப் பக்கத்தைத் தாண்டலைங்க மேடம்."

"அவசரமே இல்லை சார்," என்பேன். தன் புத்தகத்தை வாசகர் படித்து முடிக்க வேண்டும் என்று ஆசைப்படாத எழுத்தாளர் உண்டா? நான் ஒருத்தி இருக்கிறேன். அந்த மனிதர் என் நாவலை ஒருநாளும் படித்து முடிக்கவே கூடாது.