இன்ஸ்பெக்டருக்கு வியர்க்கக் கூடாது

ஏசி துவாரத்தின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தார் கிருபானந்தம். காற்று வந்தது. காய்ச்சலில் படுத்திருப்பவன் மூச்சு விடுவது போல வந்தது.

"ஏய், ஒழுங்கா ஊது!" என்று டேஷ்போர்டை ஓர் அறை அறைந்தார்.

காட்பாடி ஸ்டேஷனில் ஏறியவர் வெள்ளைச் சட்டையும் மடியில் கருப்புப் பையுமாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் ஒரு துளி வியர்வை அரும்புவதைக் கண்ணாடியில் பார்த்த கிருபானந்தம் டேஷ்போர்டை இன்னோர் அறை அறைந்தார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் செக்‌ஷனுக்குக் கிருபானந்தம் சூப்பர்வைசர். இரண்டு மாதமாகத் தைத்த சரக்கு கூரை வரை அடுக்கிக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர்களின் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணினால் கப்பலேறும். பண்ணாவிட்டால் செக்‌ஷனையே மூடிவிடுவோம் என்று மேனேஜர் அப்துல் சமத் சொல்லியிருந்தார். வருகிறவர் புது இன்ஸ்பெக்டர். ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வெயில் ஆகாது, வியர்த்தால் நல்ல ஷூவும் கெட்ட ஷூவாகத் தெரியும் என்கிற செய்தி மட்டும் அவருக்கு முன்னால் ஆம்பூர் வந்து சேர்ந்துவிட்டது.

காலையில்தான் சமத் போன் செய்தார். "கிருபா, இன்ஸ்பெக்‌ஷன் விஷயமா மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. அந்த ரயிலு ஆம்பூர்ல நிக்காது. கம்பெனி பழைய வண்டிய எடுத்துகினு காட்பாடி போங்க."

"பழைய வண்டியா? அதுல ஏசியா வருது? மூணு வருஷமா கத்தறேன், யார் காதுலயாச்சும் ஏறுதா?"

"அட, முழுசா கேளுங்க..."

"கேட்டு கேட்டுதான் சார் பேஜாராயிட்டேன்!" என்று போனை வைத்துவிட்டார். அவர் போனை வைத்த வேகத்தில் பக்கத்துத் தையல் மெஷினில் நூல் அறுந்தது என்று செக்‌ஷன் பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"சார், இந்த ஏசி..." என்று காரின் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"தெரியும் சார்! கம்மியாத்தான் வருது! நீங்க ஒண்ணும் பேசாம சாஞ்சிக்குங்க!"

வழியில் இன்ஸ்பெக்டரை வாய் திறக்க விடக்கூடாது என்பது ஆம்பூர்க் கம்பெனிகளில் எழுதாத சட்டம். முன்பு ஒருவர் காரில் வரும்போதே சீட் உறையின் தையல் கோணல் என்று ஆரம்பித்தார். கேட்டுக்குள் நுழைவதற்குள் அவர் கண் கோணலுக்குப் பழகிவிட்டது. ஷூவெல்லாம் கோணல். கடைசியில், எதிரே நேராக நின்ற மேனேஜரும் கோணல் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போனார்.

அறை வாங்கிய டேஷ்போர்டுக்குள் ஏதோ கழன்றது. புளோயர் வெறி பிடித்தாற்போல் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. வண்டி வருஷக்கணக்காகத் தோல் தேய்க்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி. துவாரத்துக்குள் படிந்திருந்த தோல் தூசி அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டை காக்கிச் சட்டையானது.

"சார், நான் வந்ததே..." என்று இருமினார் அவர். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதெல்லாம் கம்பெனிக்குப் போய் பேசிக்கலாம் சார்!" என்று வெட்டினார் கிருபானந்தம்.

வெளிக்காற்று உள்ளே வருவதால்தான் குளிர் நிற்கவில்லை என்று கிருபானந்தத்துக்குத் தோன்றியது. அதை அடைக்கிற லீவரைப் பிடித்துத் தள்ளினார். அது அசையவில்லை. கோபத்தோடு தள்ளினார். லீவர் கையோடு வந்துவிட்டது. வெளிக்காற்று இப்போது முழுசாகத் திறந்துகொண்டு, அனலோடு வழியிலிருந்த தோல் பதனிடும் டேனரியின் வாடையையும் அழைத்து வந்தது. பின் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார்.

பள்ளிகொண்டாவில் ஷாஹித்தின் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தினார் கிருபானந்தம்.

"ஷாஹித் பாய், ஆம்பூர் போறதுக்குள்ள இது ஐஸ் மாதிரி ஆவணும். என் செக்‌ஷன் உசிரே இதுல இருக்குது!"

ஷாஹித் பானெட்டைத் திறந்தார். "கண்டென்சர்ல குப்பை ஜாஸ்தி சார். பொறுமையா தண்ணி வுட்டு கழுவணும். மொதல்ல இன்ஜின் ஆறட்டும்."

பின் சீட்டுக்காரரும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பானெட்டைத் திறந்தால் எட்டிப் பார்க்காத ஆண்பிள்ளை இந்த ஜில்லாவில் பிறந்ததில்லை. இவர் குனிந்து கையையும் நீட்டினார்.

"அய்யோ, கைய எடுங்க சார்! கறை பட்டா அதுக்கும் என் செக்‌ஷனத்தான் சொல்லுவாங்க!" கிருபானந்தம் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தவருக்குப் பொறுமை இல்லை. "ஆறட்டும் ஆறட்டும்னா மனுஷன் ஆறவேணாமா? குடு இப்டி!" என்று ஷாஹித்தின் கையிலிருந்த ஹோஸைப் பிடுங்கிப் பீய்ச்சினார். குப்பை போனதோ இல்லையோ, தண்ணீர் போகக்கூடாத எல்லா இடத்துக்கும் போனது. இன்ஜின் ஃபேன் ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது. கதவுக் கண்ணாடிகள் ஏறிய நிலையிலேயே செத்துப்போயின. ஏசியில் மிச்சமிருந்த கொஞ்சக் குளிரும் போய்விட்டது.

"இன்னா சார் பண்ணீங்க!" என்று தலையில் கை வைத்தார் ஷாஹித். "ஃபேனே போச்சு. இன்ஜின் கொதிக்கும். கழட்டி மாட்ட சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலமா? அதுக்குள்ள என் செக்‌ஷன மூடி பூட்டு போட்டுடுவாங்கய்யா! இப்பவே போவணும்!"

"இப்பவேன்னா ஒரே வழிதான். ஹீட்டர முழுசா வெச்சி மெதுவா ஓட்டுங்க. இன்ஜின் சூட்ட அது உள்ள இழுத்துக்கும்."

"ஹீட்டரா? மே மாசத்துலயா? எந்த உள்ள?"

"நீங்க உக்கார்ற உள்ளதான்."

அப்படித்தான் போனார்கள். அக்கினி நட்சத்திரத்தில், கண்ணாடி ஏற்றி, ஹீட்டர் போட்டு. ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார் கிருபானந்தம். மாதனூர் வருவதற்குள் டேஷ்போர்டின் மேலிருந்த பிளாஸ்டிக் தேவதூதர் இரண்டு இறக்கையையும் தொங்கப் போட்டுவிட்டார். வழியில் குறுக்கிட்ட பஸ்ஸை, லாரியை, ஆட்டை எல்லாம் கிருபானந்தம் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்தே திட்டினார். திட்டு வெளியே போக வழியில்லாமல் காருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து இன்னும் கொஞ்சம் சூட்டைக் கிளப்பியது.

பின்னாலிருந்து இப்போது பேச்சே இல்லை. அதில் மட்டும் அவருக்கு ஒரு நிம்மதி.

கம்பெனி கேட்டில் வண்டி நின்றது. பின் கதவு திறந்தது. ஆவி முதலில் இறங்கியது. பிறகு மனிதர் இறங்கினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாட்ச்மேனுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அப்படியே தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

கிருபானந்தத்துக்கு அழுகை கோபமாகத்தான் வந்தது. "அய்யா பச்சையப்பன்!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். "இன்னா வேடிக்க பாக்குற? உள்ள போய் அந்த சமத் சாருகிட்ட சொல்லு! இன்ஸ்பெக்டர இட்லி மாதிரி வேக வெச்சி கொண்டாந்திருக்கேன்னு சொல்லு! செக்‌ஷன மூடறதா இருந்தா இப்பவே மூடிக்கச் சொல்லு! மூணு வருஷமா ஏசி ஏசின்னு தொண்ட கிழிய கத்துனேனே, எவனாச்சும் ஒரு மெக்கானிக்க கூப்ட்டானா?"

பச்சையப்பன் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவரைப் பார்த்தார். ஆவி பறக்கும் காரைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"இன்ஸ்பெக்டரு நாளைக்குத்தானே சார் வர்றாரு; அவர ஏத்திகினு வர்ற வண்டி ஜில்லுன்னு இருக்கணும்னுதான், இந்த கார் ஏசி மெக்கானிக்க மேனேஜரு இன்னிக்கே மெட்ராஸ்லேர்ந்து வரச் சொன்னாரு!"